காணியை விற்று ஜீப் வாங்கலாமா?

தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காப்பதற்கென்று பூட்டிய கதவு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. திறந்த நாள் முதல் திருகோணமலையில் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். விளம்பரக்காரர்கள் எஸ்.யூ.வி. என்று சொல்லும் அந்தப் பெரிய வண்டியை எங்கள் சனங்கள் ஜீப் என்றுதான் சொல்வார்கள். பிராடோ ஆனாலும் ஜீப், பஜீரோ ஆனாலும் ஜீப். "ஒரு ஜீப் எடுப்பமோ?" என்ற கேள்வி இப்போது உவர்மலையிலும் கேட்கிறது, வெருகல் பக்கத்து இலங்கைத்துறையிலும் கேட்கிறது.

இதுவரை மூவர் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்துவிட்டனர். நான் வாகனங்களைப் பற்றி எழுதியவன் அல்லன். செய்தி எழுதிக் காலங்கழித்தவன். ஆனால் பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நம்பிக்கை எங்கள் ஊரில் உண்டு. அதைக் கெடுக்க எனக்கும் மனம் வருவதில்லை. மூவரில் ஒருவர் எனக்கு மச்சான் முறை. அரச உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெறும் வயது. நிலாவெளிப் பக்கம் தகப்பன் வழி வந்த காணித்துண்டு ஒன்று அவருக்கு உண்டு. "காணி சும்மாதானே கிடக்குது மச்சான். வித்துப்போட்டு ஒரு நல்ல பிராடோவா எடுத்தால் குடும்பம் முழுக்க ஏறிப் போகலாம். கனடாவிலிருந்து தங்கச்சி ஆக்கள் வந்தாலும் மரியாதையா இருக்கும்" என்றார். வாகனம் பற்றிய கேள்வி, 'மரியாதை' என்ற சொல்லில்தான் வந்து நின்றது.

இந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாகவும் இருக்கிறது, வேதனையாகவும் இருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு ஜீப் என்றால் முதலில் பயம். ஒழுங்கைக்குள் ஜீப் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சையும் அடக்கிக்கொண்டு இருந்தவர்கள் நாங்கள். பிறகு 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. அதன் பின்னால் வெள்ளை நிற லாண்ட் குரூசர்கள் வந்தன. கதவில் நிறுவனச் சின்னம், முன்னால் நீண்ட அன்ரெனா, உள்ளே குளிரூட்டி. முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் அந்த வாகனங்களின் பெயர்களைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். இவை இரண்டுக்கும் முன்னும் பின்னும் பாராளுமன்ற உறுப்பினர்களின் பஜீரோக்கள் இருந்தன. தீர்வையற்ற பெர்மிட் என்பது தேர்தலில் வென்றவருக்குக் கிடைக்கும் முதற் பரிசு என்று சொல்லப்பட்ட காலம் அது. சிங்களமானாலும் தமிழானாலும் கேலிச்சித்திரக்காரர் ஓர் அரசியல்வாதியை வரைய விரும்பினால் பக்கத்தில் ஒரு பஜீரோவை வரைந்தாற் போதும். பெயர் எழுத வேண்டியதில்லை. (இடையில் ஒன்று: ஸ்பானிய மொழியில் 'பஜீரோ' என்பது சபையில் சொல்லத்தகாத சொல். அதனாலேயே அந்த நாடுகளில் மிட்சுபிஷி நிறுவனம் அதே வண்டிக்கு 'மொன்ரெரோ' என்று பெயரிட்டது. எங்கள் நாட்டிலும் மொன்ரெரோ என்ற பெயரில் அது ஓடியது.)

ஆகவே எங்களை விரட்டியவரும், எங்களுக்கு நிவாரணம் தந்தவரும், எங்களிடம் வாக்குக் கேட்டவரும் ஏறி வந்த வண்டி இது. அதில் ஒருநாள் நாமும் ஏற வேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான். அதை நான் பரிகசிக்கவில்லை. அதற்குக் கொடுக்கும் விலையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த வண்டியில் ஏறிப் பழகியவர்களே இப்போது இறங்குகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2024 இல் தெரிவான பாராளுமன்றத்தின் உறுப்பினர்களுக்கு வாகனப் பெர்மிட் இல்லை என்று புதிய அரசாங்கம் அறிவித்தது. 2025 தொடக்கத்தில், 1,800 சி.சி.க்கு மேற்பட்ட பெற்றோல் வாகனங்களையும் 2,300 சி.சி.க்கு மேற்பட்ட டீசல் வாகனங்களையும் அரச நிறுவனங்கள் கைவிட வேண்டும் என்று திறைசேரி பணித்தது. டபிள் கப், வான், பஸ் போன்றவற்றுக்கு விலக்களித்தது. சனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்கள் அதே ஆண்டில் ஏலத்துக்கு வந்தன. திறைசேரியே பராமரிப்புச் செலவைப் பார்த்துப் பயந்து ஒதுக்கிய வண்டியை ஓய்வூதியக்காரர் ஒருவர் தாங்கப் போகிறாராம்.

"எங்கட றோட்டுக்கு ஜீப்தான் சரி" என்பது அடுத்த நியாயம். ஒரு காலத்தில் இதற்குப் பதில் சொல்ல முடிந்திராது. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போவதென்றால் கிண்ணியாவில் ஒரு பாதை, உப்பாறில் ஒரு பாதை, கங்கையில் ஒரு பாதை என்று பாதை பாதையாக ஏறி இறங்க வேண்டும். (வெளியூர் வாசகருக்காக: இங்கே 'பாதை' என்பது வாகனங்களை ஏற்றி ஆறு கடத்தும் மிதவை.) இடையில் கிடந்ததை வீதி என்று சொன்னால் வீதிகள் கோபிக்கும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். இரண்டு ஆண்டுகளில் மற்றப் பாலங்களும் வந்தன. இன்று ஏ15 நெடுஞ்சாலையில் மூதூர், கிளிவெட்டி, வெருகல் என்று ஒரு சிறிய காரிலேயே ஆடி அசையாமல் போய் வரலாம். உள்ளூர்களில் இன்னும் கிரவல் வீதிகள் உண்டு, மறுக்கவில்லை. அங்கே குடியிருப்பவர்கள் மோட்டார் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும்தான் போய் வருகிறார்கள். பிராடோ கேட்பவர்களோ பெரும்பாலும் நகரத்துக் கொங்கிரீற் ஒழுங்கைக்காரர். அந்த ஒழுங்கைகளில் பிராடோவைத் திருப்புவதே ஒரு வித்தை.

வெள்ளத்தைச் சொல்வார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை யாரும் மறக்க முடியாது. மகாவலி பெருகி, மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்து, வெருகலும் மூதூரும் கிண்ணியாவும் தண்ணீரில் கிடந்தன. 2006 இல் எந்த மாவிலாற்றின் மதகை முன்னிட்டுப் போர் மூண்டதோ, அதே மாவிலாறு. அந்த நாட்களில் மனிதர்களைக் கரை சேர்த்தவை படகுகளும் உழவு இயந்திரங்களும் ஹெலிகொப்ரர்களும். ஜீப் எவ்வளவு உயரமானாலும் காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். உயரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஓடும் நீருக்குள் இறக்குவது இன்னும் ஆபத்து. சில்லு முழுதாக மூழ்கும் முன்னரே ஓட்டம் வண்டியைத் தூக்கிவிடும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் பயன்படுத்திய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றைப் பங்கிட்டு உடன்படிக்கை எழுதினார்கள்: இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவருக்கும் கூட்டாக 61. அடுத்த சில மாதங்களில் அந்தத் தாங்கிகளின் ஊர்க்காரராகிய நாங்கள் இரவு பகலாக எரிபொருள் வரிசையில் கிடந்தோம். 2022 ஜூன் 26 இல் டீசல் லீற்றர் 460 ரூபாய். பிராடோவின் தாங்கி 87 லீற்றர். ஒருமுறை நிரப்ப நாற்பதினாயிரம் ரூபாய். ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். பெரிய டீசல் ஜீப் எங்கள் வீதிகளில் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடினால் பெரிது. அந்த இருபது லீற்றரில் ஹபரணைக்குப் போனவர் திரும்பும்போது கந்தளாயைத் தாண்டி நகரத்துக்கு எட்டாமல் நின்றிருப்பார். அந்த ஆண்டு எத்தனையோ ஜீப்புகள் முற்றத்தில் தறப்பாள் போர்த்திக் கிடந்ததை நான் பார்த்தேன். பங்கீடு 2023 செப்டெம்பரில் நீங்கியது. ஆனால் எண்ணெயை முழுக்க வெளியிலிருந்து வாங்கும் நாடு இது. எங்கேயோ ஒரு வளைகுடாவில் போர் மூண்டால் எங்கள் பம்பில் விலை ஏறும்.

விலையைப் பார்ப்போம். புதிய ஜீப்புக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரிய பங்கு வாகனத்துக்குப் போவதில்லை. சுங்கத் தீர்வை, எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கும் உற்பத்தி வரி, சொகுசு வரி, இவை எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வற். கூட்டிப் பார்த்தால் ஜப்பானில் கொடுத்த பெறுமதியை வரி விழுங்கி நிற்கும். 2020 தொடக்கத்தில் டொலர் 182 ரூபாய் அளவில் இருந்தது. 2025 இல் 300 ரூபாய். ஆகவே இறக்குமதி திறந்தால் விலை விழும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். பதினைந்து வயதுப் பிராடோவுக்கே கோடிக்கு மேல் கேட்கிறார்கள்.

"அதுதானே, வாங்கினால் விலை ஏறுது" என்று மச்சான் சொன்னார். தடைக்காலத்தில் அப்படித்தான் நடந்தது. வாகனம் பழசாகப் பழசாக விலை ஏறிய அதிசயத்தை இந்த நாடு பார்த்தது. ஆனால் அது கதவு பூட்டியிருந்ததால் வந்த விலை. கதவு திறந்திருக்கும்போது இரும்பு இரும்புதான். ஒவ்வொரு மாரிக்கும் தேயும். காணி அப்படியல்ல. அதிலும் திருகோணமலைக் காணி. சம்பூர் மக்கள் 2006 இல் ஊரை விட்டு ஓடி, 2015, 2016 இல்தான் தங்கள் நிலத்தை மிதித்தார்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலமெல்லாம் உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்த தாய்மார் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. என் மச்சானின் தாயும் அவர்களில் ஒருவர். கடற்கரையோரக் காணி ஒருமுறை கைமாறினால் திரும்ப வாங்க முடியாது. விற்ற காசில் ஒரு மூலையைக்கூட வாங்க முடியாது. அந்தக் காணியை ஐந்து ஆண்டில் பாதியாய்க் கரையும் வண்டியாக மாற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடனுக்கு எடுப்பதாயின் அதைவிட மோசம். லீசிங் தவணை ஓய்வூதியத்தைப் பார்த்து இரங்குவதில்லை.

உண்மையில் குடும்பம் முழுக்க ஏறிப் போவதுதான் நோக்கமென்றால் ஜீப் அதற்கும் தோதில்லை. மூன்றாம் வரிசை ஆசனம் என்று ஒன்று இருக்கிறது. அதில் வளர்ந்தவர் ஒருவர் கொழும்பு வரை முழங்காலை நாடியில் முட்டுக்கொடுத்து இருக்க வேண்டும். அது விரித்திருந்தால் பின்னால் இரண்டு பெட்டிக்கு மேல் இடமில்லை. எண்பது வயது அம்மம்மா அந்தப் படியில் ஏறுவதற்கு இரண்டு பேரப்பிள்ளைகள் வேண்டும், இறங்குவதற்கு மூன்று பேர். எங்கள் நாட்டில் பெரிய குடும்பத்தின் வாகனம் எப்போதும் வான்தான். இழுக்கும் கதவு, பதிந்த படி, எட்டுப் பேரும் சாப்பாட்டுப் பார்சலும் கோயில் அர்ச்சனைச் சாமானும் ஏறும். ஆண்டுக்கு நாலு தரம் குடும்பமாகப் போகிறவர் வானைச் சொந்தமாக வாங்கவும் தேவையில்லை. அயலில் வான் ஓடிப் பிழைப்பவரைப் பிடிக்கலாம். அன்றாடத்துக்கு ஒரு சின்னக் கார் போதும்.

இவ்வளவும் கேட்ட பிறகும் பாவித்த ஜீப் ஒன்றுதான் வேண்டும் என்பவருக்கு, காணியைத் தொடாமல் வாங்கும் வசதி இருந்தால், சில வார்த்தைகள். முதலில் சேஸி இலக்கம். பல வண்டிகளின் துண்டுகளைப் பொருத்தி, பழைய பதிவொன்றின் இலக்கத்தை ஏற்றி விற்ற சொகுசு ஜீப்புகளை அண்மைய ஆண்டுகளில் பொலிசார் தொடர்ந்து கைப்பற்றி வருகிறார்கள். அப்படியொன்று அகப்பட்டால் வண்டியும் போகும், காசும் போகும், பொலிஸ் வாசலும் மிஞ்சும். சட்டத்தில் பொறித்த இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விசாரியுங்கள். சான்றிதழில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்குக் கடிதம் கேளுங்கள். ஓப்பன் பேப்பரில் நாலு கை மாறி வந்த வண்டியைத் தொடவே வேண்டாம். விற்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும்.

மீற்றரை நம்ப வேண்டாம். ஸ்டியறிங்கின் தேய்வையும் பிறேக் மிதியின் தேய்வையும் நம்புங்கள். வெள்ளத்தில் கிடந்த வண்டிகளும் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும் காலம் இது. ஆசனப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கறை காட்டிக்கொடுக்கும். கார்ப்பெற்றின் மூலையைக் கிளப்பி மணந்து பாருங்கள். எங்கள் ஊரில் ஓடிய வண்டியாயின் உப்புக்காற்று அடியில் வேலை செய்திருக்கும். மேலே மினுக்கமாகப் பெயின்ற் அடித்த பிராடோவின் சேஸியைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் துருவின் சத்தம் வேறாகக் கேட்கும். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். போகும்போது பழைய சாக்கு ஒன்றைக் கொண்டு போனால் நிலத்தில் விரித்து, கீழே படுத்துப் பார்க்கலாம். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். படுக்க விடமாட்டேன் என்றால் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.