பையில என்ன?

எங்கள் மேனேஜர் இத்தாலிக்குப் போய்விட்டு வந்தார். மகன் அங்கே படிக்கிறான், பட்டமளிப்பு விழா. போனது ஒரு விழாவுக்கு, எடுத்தது அறுநூறு போட்டோ. ஒரு வாரம் முழுக்க மதிய இடைவேளையில், தயிர்சாதம் பிசைந்த கையோடு நாங்கள் இத்தாலி பார்த்தோம்.

அதில் மொந்தால்சினோ என்று ஒரு ஊர். டஸ்கனி பகுதியில் ஒரு குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டம். அங்கே தயாராகும் புருனெல்லோ என்ற சிவப்பு ஒயினுக்கு உலகம் பூரா மரியாதை. ஆனால் மேனேஜரை அசத்தியது ஒயின் இல்லை.

‘‘மத்தியானம் ஆனா கடையெல்லாம் சாத்திடறாங்கய்யா! தெருவுல ஒரு கிழவர், ஒரு பூனை, அவ்வளவுதான். ஊரே ஒயின் காய்ச்சுது, ஒருத்தன்கூட விழுந்து கிடக்கல!’’ என்றார்.

‘‘நமக்கு எதுக்கு சார் அவ்வளவு தூரம்? அதான் பாண்டி இருக்கே!’’ என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்து சீட்டுக்காரன் மட்டும் டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போய்விட்டான்.

அவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொந்த ஊர் பாகூர். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் போகிற வழி. அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் பத்திரமாக இருக்கிறது. நாங்கள் கூப்பிடுவது ‘பாண்டி’. வேலையில் சேர்ந்த முதல் நாளே அந்த நாமகரணத்தை முடித்துவிட்டோம். அவன் குடிக்க மாட்டான். சிகரெட் கிடையாது. பாக்குகூடப் போடுவதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் ஊருக்குக் கிளம்பும்போது அவன் மேஜைக்கு முன்னால் ரேஷன் கடை போல ஒரு க்யூ நிற்கும். பிராண்ட் பெயரைச் சொல்லுபவர்கள், சீட்டில் எழுதிக் கொடுப்பவர்கள், ‘‘இருக்கிறதுலேயே சீப்பா எதுன்னாலும் பரவாயில்லப்பா’’ என்கிற எளிய மனிதர்கள். பத்துத் தடவை கேட்டால் ஒன்பது தடவை ‘‘மறந்துட்டேன்’’ என்று வந்து நிற்பான்.

பத்தாவது தடவை என் பிறந்தநாள். நான் கெஞ்சினேன். வாங்கினான்.

புதுச்சேரியில் அது வெறும் பாட்டில். பஸ் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதற்குப் பெயர் கடத்தல். ஏதோ ஒரு செக்போஸ்ட்டில் பையைத் திறந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் ஒரு கவரை என்னிடம் நீட்டினான். ‘‘போலீஸ் எடுத்துக்கிட்டாங்க. இந்தா உன் 900 ரூபா.’’

‘‘சேச்சே, எதுக்குப்பா...’’ என்றேன். என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டேன். எண்ணியும் பார்த்தேன். நீங்கள் நினைப்பது சரிதான், அப்படித்தான் செய்தேன்.

இது போன வருஷத்துக் கதை. இப்போது இத்தாலி வாரம் முடிந்ததும் அவனே வந்து கேட்டான். ‘‘ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்கு வர்றியா? ஒரு நாள் பாரு. அப்புறம் பேசு.’’

சென்னையில் விடிகாலை பஸ்ஸைப் பிடித்து புதுச்சேரியில் இறங்கியபோது பைக்கோடு நின்றுகொண்டிருந்தான். ‘‘போற வழியில உன் இத்தாலியைப் பார்த்துட்டுப் போயிடலாம்’’ என்றான்.

அரியாங்குப்பத்தில் திரும்பி, ஆற்றோரமாக ஒரு தோப்புக்குள் வண்டியை நிறுத்தினான். அரிக்கமேடு. பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்த அதே அரிக்கமேடு. பார்ப்பதற்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாழடைந்த செங்கல் சுவர் கொஞ்சம் நிற்கிறது. நான் பக்தியோடு ரோமானியச் சுவர் என்று தொட்டுப் பார்த்தேன். ‘‘அது பாதிரிமார் கட்டினது. பதினெட்டாம் நூற்றாண்டு’’ என்றான். கையை எடுத்துக்கொண்டேன்.

விஷயம் மண்ணுக்குள்ளே இருந்திருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். பளபளவென்று சிவப்பாக, முத்திரை குத்திய மண்பாண்ட ஓடுகள் கிடைத்தன. அந்த வகைப் பாண்டத்துக்கு ‘அரெட்டைன்’ என்று பெயர். அரெஸ்ஸோ என்ற ஊரின் பெயரால் வந்தது. அரெஸ்ஸோ எங்கே இருக்கிறது? மேனேஜர் ஒரு வாரம் எங்களை இழுத்துச் சுற்றிய அதே டஸ்கனியில்! இன்னொன்று, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த உயரமான ஜாடிகள். ஆம்போரா. இத்தாலியிலிருந்தும் கிரேக்கத் தீவுகளிலிருந்தும் கப்பலில் ஒயின் வந்த ஜாடிகள். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டியபோதும் ஜாடித் துண்டுகள் வந்துகொண்டே இருந்தனவாம். யவனர் கொண்டுவந்த மதுவைக் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றில் இருக்கிறது.

‘‘அடேங்கப்பா! ஃபாரின் சரக்கு ரெண்டாயிரம் வருஷமா உங்க ஊர்லதான் இறங்குதா?’’

‘‘இறங்கினது இங்க. குடிச்சவன் எந்த ஊருன்னு யாராவது எழுதி வச்சிருக்கானா?’’ என்று வண்டியை உதைத்தான்.

அதற்கு அர்த்தம் கடலூர் ரோட்டில் புரிந்தது. கிருமாம்பாக்கம் தாண்டி, எல்லை நெருங்க நெருங்க ஒயின் ஷாப்புகளின் போர்டு பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒரு கடை வாசலில் வேண்டுமென்றே வண்டியை மெதுவாக்கினான். ‘‘நம்பர் பிளேட்டைப் படி.’’ படித்தேன். டி.என். 31, டி.என். 31, டி.என். 32, மறுபடி 31. கடலூர், விழுப்புரம் வண்டிகள். பி.ஒய். என்று ஆரம்பிக்கிற புதுச்சேரி வண்டி ஒன்றே ஒன்று நின்றது. அது கடை முதலாளியுடையதாக இருக்கலாம்.

‘‘இப்ப சொல்லு’’ என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வண்டியும் டி.என்.தான்.

கன்னியக்கோயிலில் வலது பக்கம் திரும்பினோம். அவ்வளவுதான், யாரோ ரேடியோவை அணைத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் நெல். புதுச்சேரிக்கு நெற்களஞ்சியம் இந்தப் பாகூர்தான். இங்கே எல்லைக் கோடு வயலுக்கும் வரப்புக்கும் நடுவில் புகுந்து புகுந்து போகிறது. பிரெஞ்சுக்காரன் வைத்திருந்த கிராமம் எல்லாம் புதுச்சேரி, இங்கிலீஷ்காரன் வைத்திருந்தது எல்லாம் தமிழ்நாடு. களை எடுக்கிற அம்மாள் ஒரு மாநிலத்தில் நின்றுகொண்டு இன்னொரு மாநிலத்து அம்மாளிடம் வெற்றிலை கேட்கலாம். எந்தச் செக்போஸ்ட்டும் தடுக்காது.

அப்புறம் ஏரி. சின்னக் கடல் என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரியது இதுதான். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள் தங்கள் காசைப் போட்டு வாய்க்கால் வெட்டியதாக ஊரில் ஒரு கதை உண்டு. கரையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். நீர்க்காகம் ஒன்று முங்கியது, எழுந்தது, மறுபடி முங்கியது. அதை இரண்டு பேரும் வேலை மெனக்கெட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1752-ல் இந்தப் பாகூரில் பிரெஞ்சுப் படையும் இங்கிலீஷ் படையும் மோதி, பிரெஞ்சுக்காரர்கள் தோற்றுப் போனார்கள். இந்த ஊரில் கடைசியாகக் கேட்ட பெரிய சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

மூலநாதர் கோயிலுக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியிருந்தது. கடைத்தெருவில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. திண்ணையில் ஒரு கிழவர். பூனைக்குப் பதில் ஆடு. எனக்கு மேனேஜரின் போட்டோ ஞாபகம் வந்துவிட்டது.

கோயில் வாசலில் நின்றபடியே பாடம் நடத்தினான். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ ராஜா காலத்தில் ஒரு செப்பேடு. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் காலேஜுக்கு, மூன்று கிராமங்களை எழுதி வைத்த பத்திரம் அது. மூன்று கிராமத்து வருமானமும் படிப்புக்கு! இதே புதுச்சேரிப் பகுதியில் திருபுவனை என்ற ஊரில் 1048-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே நடந்த கல்லூரியில் 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள் என்று கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

‘‘இதெல்லாம் ஆபீஸ்ல ஒருநாளும் சொன்னதே இல்லையே!’’

‘‘நீங்க யாரும் கேட்டதில்லையே. கேட்டது பூரா குவார்ட்டரா, ஹாஃபா, ஃபுல்லா?’’

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

வீட்டில் அவனுடைய அம்மா விரால் மீன் குழம்பு வைத்திருந்தார். புது அரிசிச் சோறு. தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பாடு. அந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் வில்லியனூர். பரிமாறிக்கொண்டே ஊர்ப் பெருமை சொன்னார். திருக்காமீஸ்வரர் கோயில் தேரை வெள்ளைக்காரன் காலத்தில் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். இன்றைக்கும் கவர்னர்தான் வந்து தொட்டு இழுக்கிறார். மாதா கோயில் திருவிழாவுக்கு எல்லாச் சாதி சனமும் வரும், எதிரே குளத்துத் தண்ணீரை எடுத்துப் போவார்கள். அரசாங்கத்துச் சாராய ஆலையும் அந்த வில்லியனூர்ப் பக்கம்தான் இருக்கிறது, ஆரியபாளையத்தில். அதை அவர் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. என் பொது அறிவு எந்தத் துறையில் வளர்ந்திருக்கிறது பாருங்கள்.

‘‘வில்லியனூர்லயே ஒரு நல்ல பொண்ணு அமைஞ்சுது தம்பி, இவனுக்கு. டீச்சருக்குப் படிச்ச பொண்ணு. பூ வைக்க நாள் பார்த்தாச்சு’’ என்றார். ‘‘அந்த நேரம் பார்த்து, பஸ்ஸுல போலீஸ்காரன் ஏறி இவன் பையைத் தொறந்து, பாட்டிலைத் தூக்கிக் காட்டி, கீழ எறக்கி நிக்க வச்சு, பேரு ஊரெல்லாம் கேட்டிருக்கான். பொண்ணோட தாய்மாமன் அதே பஸ்ஸுல மூணாவது சீட்டுல.’’

நான் இலையைப் பார்த்தேன். மீன் முள் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘‘யாருக்குடா வாங்கினேன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்குறான். மறுவாரமே அவங்க வேணாம்னுட்டாங்க. நீங்க கூடவே ஆபீஸ்ல இருக்கீங்க... உண்மையைச் சொல்லுங்க தம்பி, இவன் குடிக்கிறானா?’’

அவன் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

‘‘அது எனக்கு வாங்கினதும்மா’’ என்றேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. ‘‘இவன் தொடக்கூட மாட்டான். என் பொறந்த நாளுக்கு நான்தான் கெஞ்சிக் கேட்டேன்.’’

கரண்டி அந்தரத்தில் நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து என் இலையில் சோறு போட்டார்.

‘‘மாமன் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். சாப்பிட்டுட்டுப் போய், இதை அப்படியே சொல்லிட்டு வாங்க.’’

போனேன். தனியாகத்தான். அந்த இரண்டு தெருவைப் போல நீளமான தெருவை நான் சென்னையிலும் பார்த்ததில்லை. மாமா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார், எழுந்து உட்கார்ந்தார். நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

‘‘பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம் முடிஞ்சிடுச்சு’’ என்றார்.

‘‘சரிங்க.’’

‘‘அந்தப் பையன் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?’’

‘‘சொல்லியிருக்கலாங்க.’’

‘‘நீங்க இன்னைக்கு வந்து சொல்றீங்க. அதுக்கு ஒரு வருஷம் ஆச்சா?’’

‘‘எனக்கு இன்னைக்குத்தாங்க தெரியும்.’’

அவர் உள்ளே திரும்பி டீ போடச் சொன்னார். டீ வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. குடித்து முடித்ததும், ‘‘நாலு பேருகிட்ட நான்தான் சொன்னேன். அதே நாலு பேருகிட்ட இதையும் சொல்றேன். அதுக்கு மேல நான் என்ன பண்றது?’’ என்றார்.

சாயங்காலம் கோயில் நடை திறந்தது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அவன் அம்மா ஒரு பையில் ஐந்து கிலோ அரிசி கட்டிக் கொடுத்தார், எனக்கு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இரவு பஸ். எல்லை தாண்டியதும் நின்றது. டார்ச் லைட்டோடு போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் பக்கத்தில் நின்றார்.

‘‘பையில என்ன?’’

‘‘அரிசி சார்.’’

‘‘தொற.’’

திறந்தேன். மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினார். முன் சீட்டு, பின் சீட்டு, எதிர் சீட்டு, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி உட்பட அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியிருந்தது. பையில் அரிசிதான் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் காது இரண்டும் சுட்டது. கையை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

ஜன்னலோரம் இருந்த அவன் என்னைப் பார்க்கவில்லை. வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பியதும் பர்ஸிலிருந்து 900 ரூபாயை எடுத்து நீட்டினேன்.

வாங்கிக்கொண்டான். எண்ணிப் பார்த்தான்.