ஓட்டமாவடிப் பிள்ளையும் வைத்தியக் கல்லூரியும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாள் நமது கிராமங்களுக்குத் திருநாளாகவும் துக்க நாளாகவும் ஒருங்கே வந்து சேருகின்றது. ஒரே வீதியில் ஒரு வீட்டில் இனிப்பு வழங்கப்படுகின்றது. நான்கு வீடு தள்ளி மற்றொரு வீட்டின் கதவு மூன்று நாட்களாகத் திறக்கப்படுவதில்லை. கதவடைத்துக் கிடக்கும் பிள்ளை பரீட்சையில் தவறியதா என்றால் அதுவுமன்று. மூன்று பாடங்களிலும் நன்றாகவே சித்தியடைந்திருக்கின்றது. வைத்தியத் துறைக்கான வெட்டுப்புள்ளியை எட்டவில்லை, அவ்வளவே. அதனைத் "தோல்வி" என்று அழைக்கும் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் யாரோ, அவர் நமது பிள்ளைகளுக்கு நன்மை செய்யவில்லை.

வாவிக்கு வடக்கேயும் தெற்கேயும் பரந்து கிடக்கும் கோறளைப்பற்றுப் பகுதியில், தன் பிள்ளை வைத்தியராக வரவேண்டும் என்று விரும்பாத தாய் தந்தையர் அரியர். இவ்விருப்பத்தை வெறும் பெருமையாசை என்று நாம் எள்ளி நகையாட மாட்டோம். இரவில் மார்பு வலி கண்டவரை வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தூரத்திலுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, நோயாளியின் பின்னே வாடகை வாகனம் பிடித்து ஓடியவர்களுக்கே வைத்தியரின் அருமை தெரியும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின் பின்னர் எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறினர். நமது மண்ணின் பிள்ளைகள் வைத்தியராக வேண்டும் என்பது ஊரின் தேவையுமாகும். (வைத்திய மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சந்தையில் உள்ள விலையையும் நாம் அறியாமலில்லை. அதைப்பற்றி இன்னொரு வாரம் எழுதுவோம்.)

இந்த வாசல் நமக்கு எப்போதும் அகலத் திறந்திருந்ததில்லை. கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870ஆம் ஆண்டு. நூறாண்டு கழித்து, 1971ஆம் ஆண்டு அனுமதியின் போது, வைத்தியத் துறைக்குத் தமிழ் மொழிமூலம் தோற்றிய மாணவர் 400 புள்ளிகளுக்கு 250 பெற வேண்டும் என்றும், சிங்கள மொழிமூலம் தோற்றியவர் 229 பெற்றாற் போதும் என்றும் வகுக்கப்பட்டது. மொழியைக் கொண்டு அறிவை நிறுத்த அந்தத் தராசை நாம் மறக்கவில்லை. ஆனால் 1974ஆம் ஆண்டில் வந்த மாவட்ட ஒதுக்கீட்டு முறையைப்பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்திற் பேசுவது போலவே மட்டக்களப்பிலும் பேசுவது நேர்மையாகாது. ஆய்வுகூடம் காணாத, விஞ்ஞான ஆசிரியர் நில்லாத பின்தங்கிய மாவட்டங்களுக்கு அம்முறை ஒரு சிறு கதவைத் திறந்தது என்பதும் உண்மை. அக்கதவின் வழியே சென்றவர்களுட் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர்.

இன்றைய முறை வேறு. வைத்தியத் துறை இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அப்பதினாறில் மட்டக்களப்பும் ஒன்று. புள்ளிகளை நேரே கூட்டும் பழைய வழக்கம் 2001ஆம் ஆண்டு முதல் நீங்கி, இசட் புள்ளி என்னும் கணக்கு நடைமுறையில் உள்ளது. இதனை விளங்காது அஞ்சும் பெற்றோர் பலர். வயற்காரருக்கு இது புரியாத காரியமன்று. மழை பொய்த்த ஆண்டில், வட்டை முழுவதும் ஏக்கருக்கு 12 மூட்டை சராசரியாகக் கண்ட இடத்தில் ஒருவர் 20 மூட்டை எடுக்கின்றார். நல்ல ஆண்டில், சராசரி 29 மூட்டை கண்ட வட்டையில் மற்றொருவர் 30 எடுக்கின்றார். கூடுதலாக எடுத்தவர் இரண்டாமவர். ஆயினும் சிறந்த விவசாயி யார் என்று எந்தப் போடியாரைக் கேட்டாலும் முதலாமவரையே காட்டுவார். சராசரிக்கு மேலே எவ்வளவு நிற்கின்றோம் என்பதை, ஏனையோரின் விளைச்சல் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றது என்ற அளவால் வகுத்தால் வருவதே இசட் புள்ளி. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியை எடுக்கின்றனர். கணக்குப் பிழைத்தாற் கேட்பாரில்லை என்றும் எண்ணவேண்டாம். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையிற் பழைய, புதிய பாடத்திட்டங்களைச் சேர்த்துக் கணித்த முறை உயர் நீதிமன்றம் வரை சென்று, 2012இல் இரத்தாகி, மீண்டும் கணிக்கப்பட்டது.

ஆகவே போட்டியின் விதியைக் கண்டு நாம் கலங்கவில்லை. போட்டிக்குச் செல்லும் பிள்ளையின் கையில் என்ன இருக்கின்றது என்பதே நமது கவலை. கிராமப்புறப் பள்ளிகளிற் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் வருவதும் போவதும் இடமாற்றத் தபாலைப் பொறுத்திருக்கின்றது. இதனால் பிள்ளைகள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நடைபெறும் தனியார் வகுப்புகளைத் தேடி விடியுமுன் பேருந்தேறுகின்றனர். அரசு ஆசிரியரை அனுப்பட்டும். அதற்காக நாம் தொடர்ந்து எழுதுவோம். அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் தோளோடு தோள் ஒட்டிய ஊர்கள். ஒன்றிற் தமிழ்ப் பள்ளியும் மற்றொன்றில் முஸ்லிம் பள்ளியும் உள்ளன. மொழி ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, வினாத்தாளும் ஒன்று. ஓரிடத்தில் இரசாயன ஆசிரியர் இருந்து பௌதிக ஆசிரியர் இல்லாதபோது, மற்றவிடத்திற் பௌதிக ஆசிரியர் இருப்பின், சனிக்கிழமைகளில் இரு பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே மண்டபத்தில் அமர்த்துவதற்குத் தடையாக நிற்பது எது? அதிபர்களும் பள்ளி அபிவிருத்திச் சங்கங்களும் இதற்கு விடை கூறவேண்டும். பழைய மனத்தாங்கல்களை நாம் அறிவோம். அவற்றைப் பதினேழு வயதுப் பிள்ளைகளின் தலையிற் கட்டவேண்டிய அவசியமில்லை.

மழையைப்பற்றியும் ஒரு வார்த்தை. நீண்டகாலம் ஆகஸ்டில் நடந்த உயர்தரப் பரீட்சை, அண்மைக் காலத்திற் பல ஆண்டுகள் இடம் மாறித் தடுமாறி, 2024இல் நவம்பர் 25ஆந் தேதி ஆரம்பமாயிற்று. இரண்டு நாள் கழியுமுன் வெள்ளம் நாட்டை மூடிற்று. பரீட்சையும் இடைநிறுத்தப்பட்டு டிசம்பரில் தொடர்ந்தது. நவம்பர் இறுதி என்பது கிழக்கு மாகாணத்தில் வடகீழ்ப் பருவக்காற்று வந்திறங்கும் காலம். பெரும்போக வயல்கள் நீரில் நிற்கும் காலம். தாழ்நிலக் கிராமத்துப் பிள்ளை இடுப்பளவு நீரிற் புத்தகத்தைத் தலையிற் சுமந்து வந்து எழுதுவதும், நகரத்துப் பிள்ளை மோட்டாரில் வந்திறங்கி எழுதுவதும் ஒரே பரீட்சை என்று கூறுவது சட்டப்படி சரி, நியாயப்படி சரியன்று. பரீட்சைக் காலத்தை வகுப்போர் கிழக்கின் மழையையும் நாட்காட்டியிற் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நாம் வற்புறுத்துகின்றோம்.

இனிப் பெற்றோரிடம் பேசுவோம். ஒருவர் பல்கலைக்கழகம் புகும் நோக்கத்துடன் மூன்று தடவை தோற்றலாம். ஒவ்வொரு தடவையும் தனிக்கணக்கு. முதற்றடவையில் இடம் கிட்டாத பிள்ளையை இரண்டாந் தடவைக்குத் தூண்டுவது தவறன்று. ஆயினும் பிள்ளையிடம் கேட்டபின் தூண்டுங்கள். "உனக்காக இவ்வளவு செலவழித்தோம்" என்ற ஒரு வசனம், இரவு முழுதும் விழித்துப் படித்த பிள்ளையின் நெஞ்சில் ஆறாப் புண்ணாகிவிடும். பெரியப்பா மகனோடு ஒப்பிடுவது, பெறுபேறு வருமுன்பே ஊரெங்கும் "டொக்டர் பிள்ளை" என்று பெயர் சூட்டுவது, வந்தவர் போனவரெல்லாம் புள்ளி விசாரிக்க விடுவது ஆகியவற்றை வீட்டின் பெரியவர்கள் நிறுத்தினால், அது ஓராண்டு ரியூஷனுக்குச் சமமான உதவியாகும். பெண் பிள்ளையாயின் இன்னொன்று. மகன் படிக்கும்போது அமைதி காக்கும் வீடு, மகள் படிக்கும்போது மட்டும் அவளை அடுக்களைக்கு அழைக்கின்றது. பரீட்சை முடியும் வரையேனும் அந்த அழைப்பு ஓயட்டும். பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும் ஒதுங்கிப் பேச்சற்றிருப்பின், சோம்பல் என்று கடியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியராக்க விரும்பும் பெற்றோர் வைத்தியரை நாடுவதற்கு வெட்கப்படுவது வேடிக்கை.

விண்ணப்பம் என்பது தனியொரு வேலை. பெறுபேற்றின் பின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைநூலொன்றை வெளியிடுகின்றது. விண்ணப்பம் இணையவழியாகச் செல்கின்றது. கடைக்காரப் பையனிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தப் போகும் காரியமன்று இது. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பரீட்சைச் சான்றிதழிலும் பெயரின் எழுத்து வேறுபட்டிருந்தால், அதனை ஓராண்டு முன்னரே திருத்துங்கள். நமது பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் குழப்பம் நாடறிந்ததே. மாவட்டம் என்பது பெரும்பாலும் பிள்ளை பயின்ற பள்ளியைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதால், "கொழும்பிற் படித்தால் நல்லது" என்று இடையிற் பள்ளி மாற்றுவோர் அதன் விளைவை முன்கூட்டி எண்ணவேண்டும். விருப்ப வரிசையைப்பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகின்றது. எளிதிற் கிடைக்கும் பல்கலைக்கழகத்தை முதலில் எழுதினால் இடம் உறுதி என்பர். அவ்வாறன்று. முதலிற் பார்க்கப்படுவது இசட் புள்ளி. அதன்பின்னரே பிள்ளையின் வரிசை. உண்மையில் எதை விரும்புகின்றதோ அதனையே முதலில் எழுதட்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே வைத்தியக் கல்வி அளிக்கின்றது. வீட்டருகே இருப்பதாற் குறைந்தது என்று அதனை ஒதுக்குவோரின் நினைப்பு நமக்கு விளங்கவில்லை.

பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகம் புகுவதற்கும் இடையே நெடுங்காலம் கழிகின்றது. தமிழிற் படித்த பிள்ளை வைத்திய பீடத்தில் முதல்நாள் தொட்டே ஆங்கிலத்திற் கற்கவேண்டும். அந்த இடைக்காலம் ஆங்கிலத்துக்கென்றே அருளப்பட்டது போலும்.

வெட்டுப்புள்ளி எட்டாத பிள்ளைக்கு என்ன வழி? பேராதனையிற் பல் வைத்தியமும் மிருக வைத்தியமும் உண்டு. திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் சித்த வைத்தியம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி உண்டு. தாதியியல் உண்டு. வந்தாறுமூலையில் விவசாய பீடம் உண்டு. மாடும் வயலும் நிறைந்த இம்மாவட்டத்தில் மிருக வைத்தியரையும் விவசாயப் பட்டதாரியையும் இரண்டாந்தரமாக எண்ணுவது நமது அறியாமை. ஒரு துறையிற் பதிவு செய்யுமுன், மறுபடி விண்ணப்பிக்க இடமுண்டா என்பதைக் கைநூலிற் படித்துத் தெளிந்துகொள்ளுங்கள்.

வயலை ஈடு வைத்துப் பிள்ளையை வெளிநாட்டு வைத்தியக் கல்லூரிக்கு அனுப்ப முனைவோர்க்கு நாம் கடுமையாகவே சொல்லவேண்டியுள்ளது. தரகர் காட்டும் படங்களை நம்பவேண்டாம். அக்கல்லூரியை இலங்கை வைத்திய சபை ஏற்றுக்கொண்டுள்ளதா என்பதை முதலிற் சபையிடமே கேளுங்கள். பட்டம் பெற்று வந்தபின்னும் சபையின் பரீட்சையிற் சித்தியடைந்தாலன்றி இங்கு தொழில் செய்ய முடியாது. மாலபேயிற் தொடங்கிய தனியார் வைத்தியக் கல்லூரி ஆண்டுக்கணக்கான போராட்டங்களின் பின் மூடப்பட்டு, 2018இல் அதன் மாணவர்கள் கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்படும் வரை அந்தரத்தில் நின்றதை நாடு கண்டது. பாட்டன் காடு வெட்டி உண்டாக்கிய வயல், தரகரின் ஒரு கையொப்பத்திற் போய்விடலாகாது.

இவ்வாண்டு ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்களுக்கு நமது கோரிக்கை சிறியதே. கைநூல் வெளிவந்ததும் சில பிரதிகளை வாங்கி இரு ஊர் நூலகங்களிலும் வையுங்கள். இப்போது வைத்திய பீடங்களிற் பயிலும் நமது பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வருகின்றனர். அவர்களில் இருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே அமர்த்துங்கள். விண்ணப்பத் தாளோடு வரும் தகப்பனுக்கும் மகளுக்கும் நாற்காலி போட்டு, ஒவ்வொரு கட்டமாக அவர்கள் விளக்கிச் சொல்லட்டும். இந்த ஒழுங்கைச் செய்யும் சங்கத்தின் பெயரையும் இடத்தையும் நேரத்தையும் எழுதியனுப்பினால், கட்டணமின்றி இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.