பண்ணைக் குட்டையில் டிரவுட் மீன் வளருமா?

‘‘அமெரிக்காவில் ஒல்லியான படகில் போய், ஈ போன்ற தூண்டிலை வீசி டிரவுட் மீன் பிடிக்கும் வீடியோ பார்க்கக் கிடைத்தது. அந்த மீனைப் பண்ணைக் குட்டையில் வளர்க்க முடியுமா? குஞ்சு தருவதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?’’

- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

சமவெளிக் குட்டையில் டிரவுட் வளராது. முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் படகுப் பயணத்தைக் கொஞ்சம் கவனித்தாலே காரணம் புரிந்துவிடும்.

இந்த மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்ற இடங்களில் ஒன்று, மிச்சிகன் மாநிலத்தில் ஓடும் ஆ சாபிள் ஆறு. காலையில் இருவர் ‘கேனோ’ என்னும் துடுப்புப் படகில் கிளம்புவார்கள். பின்னால் இருப்பவர் துடுப்புப் போட, முன்னால் இருப்பவர் தூண்டில் வீசுவார். துடுப்பு படகின் விளிம்பில் தட்டினால்கூடப் போதும், மீன் ஓடி ஒளிந்துவிடும். அதனால், பேச்சைக் குறைத்துக்கொண்டு நீரோட்டத்தின் போக்கிலேயே போவார்கள்.

தூண்டிலில் புழு இருக்காது. சிறிய முள்ளில் கோழி இறகையும் விலங்கு ரோமத்தையும் நூலால் சுற்றி, ஈ போலவே கட்டியிருப்பார்கள். அதற்கு எடையே இல்லை. கனமான தூண்டில் கயிறுதான் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். தண்ணீரில் விழுந்த ஈ, நிஜ ஈ போலத் தானாக மிதந்துபோக வேண்டும். கயிறு இழுத்து அது கொஞ்சம் கோணலாகப் போனாலும் டிரவுட் சீண்டாது.

வெயில் ஏறியதும் மீன்கள் கரையோரம் விழுந்துகிடக்கும் மரங்களின் நிழலுக்குப் போய்விடும். பாதி நாள் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். கோடைக்காலத்தில் பொழுது சாயும்போது ‘மேஃப்ளை’ பூச்சிகள் ஆற்றிலிருந்து கூட்டமாகக் கிளம்பும். மாதக்கணக்கில் ஆற்றின் அடியில் புழுவாக வாழும் இவை, சிறகு முளைத்த பிறகு ஓரிரு நாள்தான் உயிரோடு இருக்கும். அவற்றைத் தின்ன டிரவுட் மேலே வரும் நேரம்தான் நல்ல நேரம். இந்த ஆற்றில் சுமார் 13 கிலோமீட்டர் பகுதியில் செயற்கை ஈயால் மட்டுமே பிடிக்கலாம். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். மீனின் மேல் இருக்கும் வழவழப்பு போய்விடக்கூடாது என்பதால், கையை நனைத்த பிறகே தொடுவார்கள்.

இனி, முக்கியமான விஷயம். ஆ சாபிள் ஓடும் பகுதி மணற்பாங்கான நிலம். மழைநீரும் பனி உருகிய நீரும் மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்த ஊற்றாக ஆண்டு முழுவதும் ஆற்றுக்கு வருகின்றன. டிரவுட்டுக்கு 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். நிறைய ஆக்சிஜனும் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினால் மீன் தவிக்கும். 25 டிகிரியை நெருங்கினால் பிழைப்பதே கடினம். அதனால்தான், அனுபவசாலிகள் வெப்பமானியை நீரில் விட்டுப் பார்த்து, சூடு அதிகமென்றால் அன்றைக்கு டிரவுட்டைத் தொந்தரவு செய்வதில்லை.

அந்த ஆறும் ஒருமுறை கெட்டுப்போனதுதான். 19-ம் நூற்றாண்டில் கரையோரக் காடுகளை வெட்டி, மரங்களை ஆற்றிலேயே மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். கரை சரிந்தது. மீன் முட்டையிடும் கூழாங்கற்களை மணல் மூடியது. அளவில்லாமல் மீனையும் பிடித்தார்கள். அங்கே நிறைந்திருந்த ‘கிரேலிங்’ மீன் அடியோடு அழிந்தது. அதன் பெயரைத் தாங்கிய ஊர் மட்டும் கரையில் மிச்சமிருக்கிறது. டிரவுட் பின்னர் வந்து சேர்ந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள், 1959-ம் ஆண்டு இதே ஆற்றங்கரையில் கூடி ‘டிரவுட் அன்லிமிடெட்’ அமைப்பைத் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த மீனுக்கு ஏற்ற குளிர்ந்த நீர், நீலகிரி போன்ற உயரமான மலைகளில்தான் இருக்கிறது. நீலகிரி அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்திலேயே டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. மலைப்பகுதி விவசாயிகளும் மீன்வளத் துறையைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. டிரவுட் வெளிநாட்டு மீன். மற்ற மீன்களைத் தின்னக்கூடியது.

சித்திரை மாத மதியம் 3 மணிக்கு உங்கள் குட்டையில் ஒரு வெப்பமானியை விட்டுப் பாருங்கள். அது காட்டும் அளவே முன்பணத்துக்குப் பதில் சொல்லிவிடும். அந்தச் சூட்டில் கட்லா, ரோகு, மிர்கால் நன்றாக வளரும். குஞ்சுகளை அரசு மீன் பண்ணையில் கேட்டு வாங்குங்கள். கரையில் புல் வளர்த்து மண் சரியாமல் பார்த்துக்கொண்டால், குட்டையும் தூர்ந்துபோகாது.