வீட்டுக்கு நாலு பெயர், பிள்ளைக்கு ஒருத்தருமில்லையா?

எங்கட ஆக்களின் வீட்டு டைட்டிலில் பெயர்களுக்குக் குறைவில்லை. ஈஸ்ட் டாமாக்கியில் வீடு வாங்க ஒரு சம்பளம் காணாது. அண்ணா, தம்பி, அம்மா, சிலவேளை யூனி முடித்து இப்பத்தான் வேலைக்குப் போன தங்கச்சி என்று எல்லாருமாகக் கையெழுத்து வைக்கிறோம். அதில் பிழையில்லை.

பிழை தொடங்குவது வேறிடத்தில். அதில் ஒருத்தர் பிரிந்து வாழும் தன் பிள்ளைக்குச் சைல்ட் சப்போர்ட் கட்டாமல் விட்டு, "வீடு என்ர பெயரில மட்டும் இல்லைத்தானே, ஒருத்தரும் கை வைக்கேலாது" என்கிறார். பெரியவர்களும் தலையாட்டுகிறார்கள்.

கை வைக்கலாம். நியூசிலாந்தில் 1991ஆம் ஆண்டின் சைல்ட் சப்போர்ட் சட்டப்படி இந்தக் காசை அறவிடுவது ஐ.ஆர்.டி. கெடு தப்பினால் முதலில் 2 சதவீதம் தண்டம், பிறகும் கட்டாவிட்டால் இன்னும் 8 சதவீதம். சம்பளத்திலிருந்து நேரே வெட்டுவார்கள். அதிலும் சரிவராவிட்டால் நீதிமன்றம் சார்ஜிங் ஓர்டர் போடலாம். அது கடன்காரரின் பங்கின் மேல்தான் விழும், உங்கள் பங்கின் மேல் அல்ல. ஆனால் டைட்டிலில் அது பதிவானபின் விற்கப் போனாலும், வங்கியில் மேலும் கடன் கேட்கப் போனாலும், முதலில் அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்பார்கள். பங்கு அவருடையது, தலையிடி எல்லாருக்கும்.

அதோடு முடிவதில்லை. 2007ஆம் ஆண்டின் சொத்துச் சட்டத்தின்படி, கூட்டு உரிமையாளர் ஒருவரின் சொத்தின் மேல் சார்ஜிங் ஓர்டர் வைத்திருப்பவர், வீட்டை விற்கவோ பிரிக்கவோ உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். உடனே விற்றுவிடுவார்கள் என்றில்லை. யாருக்கு எவ்வளவு கஷ்டம் வரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று நீதிமன்றம் பார்க்கும். சரி, பங்கை அம்மாவின் பெயருக்கு மாற்றிவிடலாமா? கடனிலிருந்து தப்புவதற்காகச் செய்யும் மாற்றத்தை இரத்துச் செய்யவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. வங்குரோத்து அறிவித்தாலும் இந்தக் கடன் அழியாது.

இதெல்லாம் நடந்தால் ஊர் யாரைத் திட்டும்? "அவள் வீட்டை விற்கப் பண்ணிப்போட்டாள்" என்று பிள்ளையின் தாயைத்தான். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வீட்டை ஆபத்தில் விட்டது கேட்டவள் இல்லை, கட்டாதவர்.

சாட்டுகளும் பழசு. "அவள் பிள்ளையைக் காட்டுறாள் இல்லை." அது குடும்ப நீதிமன்றத்தில் தனியாகத் தீர்க்கவேண்டிய விசயம், பிள்ளையின் சாப்பாட்டை நிறுத்தக் காரணமில்லை. "காசு அரசாங்கத்துக்குத்தானே போகுது." உதவித்தொகையில் வாழும் தாய்மாரின் காசை அரசாங்கம் முன்பு வைத்துக்கொண்டது உண்மை. 2023 ஜூலை 1 முதல் அது தாயிடமே போகிறது. "வேலை போச்சுது." அது நியாயமான கஷ்டம். வருமானம் 15 சதவீதமாவது குறைந்தால் புதிய மதிப்பீடு கேட்கலாம். கேட்காமல் ஒளிப்பதுதான் குற்றம்.

ஊரில் இதற்குத் தாபரிப்பு என்று பெயர். அங்கே அதை வாங்க எங்கள் அம்மம்மாமார் காலத்துப் பெண்கள் கோர்ட்டுப் படி ஏறினால், குடும்ப மானம் போச்சு என்றார்கள். கடல் தாண்டி வந்தும் அந்தப் பேச்சை விடவில்லை. மானம் போவது கட்டாதபோது, கேட்கும்போது அல்ல.

நாளைக்கு உங்களிடமும் ஒரு பேப்பரை நீட்டி "சும்மா ஒரு சைன் தானே" என்பார்கள். முதலில் கேளுங்கள்: கூடக் கையெழுத்து வைக்கிறவருக்குச் சைல்ட் சப்போர்ட் பாக்கி இருக்கிறதா? உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் போங்கள். பாக்கி இருந்தால் டிப்பொசிட்டுக்கு முன் அதைக் கட்டச் சொல்லுங்கள். "சின்னனுக்கு உது என்னத்துக்கு" என்று அதட்டினாலும் விடாதீர்கள். மோட்கேஜ் கட்ட நீங்கள் பெரிய ஆள் என்றால், இதைக் கேட்கவும் பெரிய ஆள்தான்.

அந்தப் பிள்ளையும் உங்கள் பெறாமகனோ மருமகளோதான். அந்த வீட்டில் அதற்கு அறை இல்லாமல் இருக்கலாம். உரித்து இருக்கிறது.