பிள்ளைகளின் பட்டத்துக்குப் பொறுப்பு யாருங்க?

தோழர்களே, பெருந்துறையில பஸ் ஏறி ஈரோடு, கோயமுத்தூர் கலைக் கல்லூரிகளுக்குப் போற நம்ம பிள்ளைகளில் பலருக்குப் பட்டம் தருவது பாரதியார் பல்கலைக்கழகம். அங்கே 2022 அக்டோபரில் காலியான துணைவேந்தர் நாற்காலி 2025-லும் காலியாவே கிடந்தது. தேடல் குழுவில் யுஜிசி ஆள் வேணும்னு ஆளுநர். கூடாதுன்னு மாநில அரசு. 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. மே 21-ல் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வழக்கு இழுக்கட்டும், மேல்படிப்புக்கும் வேலைக்கும் சான்றிதழ் கேட்கறவன் காத்திருப்பானா?

ஆனா நாற்காலி நிறைஞ்சா போதும்னு நாங்க சொல்லல. 2018 பிப்ரவரியில், உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் வாங்கியதாக இதே பல்கலையின் துணைவேந்தரே கைதானார். அப்பவும் சிண்டிகேட்னு ஒண்ணு இருந்துச்சுங்க! நியமனம், வரவு செலவு எல்லாம் அந்த மேஜைக்கு வந்துதான் போகணும். அங்கே உட்கார்ந்தவங்க என்ன கேட்டாங்க? யாராச்சும் வாய் திறந்தாங்களா? ஒவ்வொரு கூட்டக் குறிப்பையும், யார் ஆதரிச்சாங்க, யார் எதிர்த்தாங்கங்கறதோட, தமிழில் இணையத்தில் போடணும். இதுதான் நம் கோரிக்கை.

சான்றிதழுக்கு அலைஞ்சவங்க எத்தனை மாசம்னு கீழே எழுதுங்க.