இலக்கணத்தின் முதுகில்

பவுலின் பெயரில் உள்ள தீமோத்தேயு முதல் நிருபத்தில் (2:12), பெண் போதிக்க அனுமதிப்பதில்லை என்று வருகிறது. ஒரு கட்சிக்கு இது நித்திய சட்டம். வினை நிகழ்காலத்தில் இருப்பதால் 'இப்போதைக்கு இல்லை' என்றுதான் பொருள் என்கிறது மறு கட்சி. இரண்டும் அபத்தம். கிரேக்க நிகழ்காலம் தன்னளவில் நித்தியத்தையும் சொல்லாது, தற்காலிகத்தையும் சொல்லாது.

சொல் புழங்கும் இடங்களைப் பார்க்க வேண்டும். 'எபிட்ரெப்போ' புதிய ஏற்பாட்டில் 18 தடவை வருகிறது. பன்றிகளுக்குள் புக ஆவிகள் கேட்கின்றன, இயேசு விடுகிறார். சடலத்தை யோசேப்பு கேட்கிறார், பிலாத்து விடுகிறான். பெரும்பாலும் ஒருவர் கேட்க, மற்றவர் விடுவது. மனைவியைத் தள்ளிவிட மோசே விட்டதும் (மத்தேயு 19:8) இதே வினைதான். ஆதியில் அப்படி இல்லை என்று இயேசு உடனே மறுக்கிறார். மோசே தந்த அனுமதியே விசாரணைக்கு உரியதென்றால், தர மறுத்ததும் அப்படித்தானே?

பழைய தமிழ் பைபிள் மோசேக்கு 'இடங்கொடுத்தார்' என்கிறது. தீமோத்தேயுவில் 'உத்தரவு' என்கிறது. அன்று உத்தரவு என்றால் அனுமதியும்தான். இன்றைய காதில் கட்டளையாக மட்டுமே விழுகிறது.

இதனால் அந்த வரி மென்மையாகிவிடாது. ஆனால் அங்கே மறுப்பவர் 'நான்' என்று முன்னால் நிற்கிறார், அவரோடு வாதிடலாம். கொரிந்தியர் முதல் நிருபத்தில் (14:34) அதே வினை செயப்பாட்டில் வருகிறது. அனுமதிக்காதவர் யார் என்று இல்லை, சட்டம் சொல்கிறதாம். பாங்கில் சுற்றறிக்கைகளில் தினமும் நான் படிக்கும் நடை இது. எனக்குப் பயம் தருவது இந்த நடைதான். இரு கட்சிப் பண்டிதர்களும் எழுதுவது இதில்தான்.