சவுண்டு கேட்டா ரூட்டா ஓட்டுன்றாங்கப்பா!

லினக்ஸ்ல விர்ச்சுவல் மெஷின் போட்டவங்களுக்குத் தெரியும் மக்களே, எல்லாம் ஓடும், சத்தம் மட்டும் வராது. யாரையாவது கேட்டா 'சவுண்ட்எச்டபிள்யூ' ஆப்ஷனைப் போடும்பாங்க. அய்யா சாமி, அதை 2022-லயே க்யூஇஎம்யூ 7.1-ல தூக்கிட்டாங்க! இப்போ ஆடியோடெவ் தனியா, சவுண்டு கார்டு தனியா சொல்லலாம். இன்டெல் எச்டிஏ கன்ட்ரோலரை மட்டும் சொருகினா ஊமைதான், கூடவே எச்டிஏ டூப்ளெக்ஸ் மாதிரி ஒண்ணும் வேணும்.

இன்னொரு வைத்தியம்தான் மகா கொடுமை: "எல்லாத்தையும் ரூட்டா ஓட்டு." லிப்விர்ட் சிஸ்டம் மோடுல மெஷின் பெரும்பாலும் வேற யூசர் பேர்ல ஓடுது. பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ உங்க லாகின்ல உட்கார்ந்திருக்கு. ரெண்டும் எப்படிப் பேசிக்கும்? யூசர் செஷன்ல ஓட்டலாம், இல்லே ஸ்பைஸ் வழியா வரவழைக்கலாம். அதை விட்டுட்டு வீட்டுச் சாவியையே கழட்டிக் குடுக்கணுமா? குடுத்தாலும் சத்தம் வரும்னு உத்தரவாதம் கிடையாது, அது வேற விஷயம்.

"விஎம்-ல பாட்டு கேட்டு என்னத்தைக் கிழிக்கப் போற?"ன்னு ஒரு கோஷ்டி. பார்வையில்லாத ஒருத்தர் புது டிஸ்ட்ரோவை விஎம்-ல போட்டுப் பார்க்கணும்னா, ஆர்கா அவருக்குத் திரையை வாசிச்சுக் காட்டணும். சத்தம் இல்லேன்னா அவருக்கு அது அணைஞ்சு கிடக்கிற மானிட்டர். இதையும் ஆடம்பரம்ங்கறவங்க, ஒரு நாள் மானிட்டரைக் கழட்டி வச்சுட்டு ஆணி புடுங்கிப் பாருங்க.